புகலில்லம்: கெய்ரோவும் ஒரகடமும்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் ஒரகடத்தை அடுத்த சிற்றூரொன்றில் இமாமாக இருக்கிறார். பள்ளிவாசல் என்று சொல்லத்தக்க கட்டடம் அங்கு இல்லை. கடைகளின் மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த நீண்ட கூடமொன்றே தொழுமிடம். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பல மாவட்டத்து இளைஞரும், பீகார், ஒடிசா, அஸ்ஸாம் பகுதிகளிலிருந்து வந்தோரும் அங்கே அணி வகுத்து நிற்பர். மழைக்கால இரவொன்றில், இஷாத் தொழுகை முடிந்து நெடுநேரம் கழித்து, அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஹஜ்ரத், ஒரு பெண் பிள்ளையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கணவன் அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டானாம். முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. திரும்பிப் போகமாட்டேன் என்கிறாள். எங்கே அனுப்புவது?”

இருபத்தெட்டு ஆண்டுகளாக பிக்ஹு ஓதிக்கொடுத்துவரும் நமக்கு, நிகாஹ், தலாக், குலா, நபகா ஆகிய பாடங்கள் எல்லாம் மனப்பாடம். ஆயினும், “எங்கே” என்ற அந்த ஒரு சொல்லுக்கு விடை கூற இயலவில்லை. அன்றிரவு அவளைத் தம் துணைவியாரோடு தங்கவைக்கும்படி மட்டும் சொன்னோம். பின்னர் உறக்கம் வரவில்லை. எழுந்து சில கிதாபுகளைப் புரட்டலானோம். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் நினைவுக்கு வந்தது இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’வில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுபுஹுத் தொழுகைக்காக வெளியே வந்தபோது, விடியாத இருளில் வாசலருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவர் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி. தாமும் கணவரும் இனி ஒன்றாக வாழ இயலாது என்று முறையிட்டார். ஸாபித் அவரை அடித்ததில் உடலில் ஓரிடம் முறிந்ததாக அபூதாவூதில் வரும் அறிவிப்பு கூறுகிறது. ஸாபித் வந்தபின், மஹராகப் பெற்றதை ஹபீபா திருப்பித் தர, மணம் விலக்கப்பட்டது. குலா என்னும் சட்டத்துக்கு இந்நிகழ்ச்சியையே ஆதாரமாக நாம் மாணவருக்குச் சொல்லிவருகிறோம். ஆனால் முவத்தாவின் அறிவிப்பு இன்னும் ஒரு செய்தியோடுதான் முடிகிறது. அப்பெண் அதன்பின் தம் குடும்பத்தாரிடம் போய்த் தங்கினார் என்பதே அது. இத்தனை ஆண்டுகள் அவ்வரியைக் கடந்து சென்றிருக்கிறோம், நின்று பார்த்ததில்லை. குடும்பத்தார் அதே ஊரில் இருந்தனர், அவரை ஏற்றும் கொண்டனர். ஆகவே தீர்ப்புக்குப் பின் அவர் எங்கே போவது என்ற வினா மதீனாவில் எழவேயில்லை.

அவ்வினா எழக்கூடிய இடங்களைப் பிற்காலத்துச் சட்ட அறிஞர்கள் கண்டுகொண்டனர். மனைவிக்குக் கணவன் தரவேண்டிய இருப்பிடத்தைப் பற்றிப் பேசும்போது, கூட்டுக் குடும்பத்து வீடாயின் அவளுக்கென்று தனித் தாழ் உள்ள ஓர் அறையேனும் வேண்டும் என்று ஹனபி நூல்கள் விதிக்கின்றன. ஒளரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘பதாவா ஆலம்கீரி’ இன்னும் ஒருபடி செல்கிறது. அக்கம்பக்கம் ஆளில்லாத வீட்டில் கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் காஜியிடம் முறையிட்டால், நல்லோர் நடுவே அவளைக் குடியமர்த்தும்படி காஜி ஆணையிடலாம் என்கிறது. அடிபடும் பெண்ணின் குரல் கேட்கும் தொலைவில் நல்லோர் இருக்கவேண்டும் என்பது அவ்வறிஞர்களின் கருத்து. குரல் கேட்டும் வாளாவிருக்கும் அண்டை வீட்டாரை அவர்கள் நல்லோர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் ஓதுவோர் கவனிக்க வேண்டும்.

அந்தலூசியாவில் இதே வினா வேறு வடிவம் பெற்றது. கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றினால் இரு தரப்பிலிருந்தும் நடுவர் இருவரை அனுப்பவேண்டும் என்பது திருக்குர்ஆன் ‘நிஸா’ அத்தியாயத்தில் காட்டும் வழி. முவத்தாவை ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டு சென்ற யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸி (மறைவு ஹிஜ்ரி 234) தம் ஆசிரியர் மாலிக்கிடமிருந்து வேறுபட்ட சில இடங்களுள் இதுவும் ஒன்று. நடுவரை அனுப்புவதற்கு மாறாக, நம்பிக்கைக்குரிய ஒருவரின் இல்லத்தில் வைத்து உண்மையறியும் முறையை அவர் மேற்கொண்டார். ‘தாருல் அமீன்’ என்பது அதன் பெயர். யார் கருத்து வலியது என்ற வாதத்தில் இறங்க நாம் தகுதியுடையோமல்லோம். ஆயினும் யஹ்யாவின் உள்ளத்தில் இருந்த ஐயம் நமக்கு விளங்குகிறது. அடிக்கும் கையின் எட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு பெண், “சமாதானமாகப் போகிறேன்” என்று சொன்னால், அச்சொல் யாருடையது?

இனி கெய்ரோவுக்கு வருவோம். ஹிஜ்ரி 684இல், அதாவது கி.பி. 1285ஆம் ஆண்டையொட்டி, மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸின் மகள் தித்கார்பாய் காத்தூன் அந்நகரின் தர்புல் அஸ்பர் என்னும் தெருவில் ஓர் இல்லம் எழுப்பினார். ஸைனப் பின்த் அபில் பரகாத் என்ற கற்றறிந்த பெண்மணியின் பொறுப்பில் அதை ஒப்படைத்தார். பிந்துல் பக்தாதியா என்று மக்கள் அவரை அழைத்தமையால், இல்லத்துக்கும் ‘ரிபாத்துல் பக்தாதியா’ என்ற பெயர் நிலைத்தது. கெய்ரோ நகரின் தெருத்தெருவாய் வரலாறு எழுதிய மக்ரீஸி (மறைவு ஹிஜ்ரி 845) தம் ‘கிதத்’ நூலில் அதனைக் குறிப்பிடுகிறார். தலாக் ஆனவர்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் அங்கே தங்கினர். மறுமணம் ஆகும்வரை, அல்லது கணவரிடமே திரும்பும்வரை, அவர்களுடைய பாதுகாப்பின் பொருட்டு அங்கு இடம் அளிக்கப்பட்டது. ஒழுங்கு கடுமையானது என்பதையும் அவர் மறைக்கவில்லை. விதி மீறியவரை இல்லத்தாரே கண்டித்தனர்.

அவ்வில்லத்துக்கு எப்போதும் ஒரு பெண் தலைவி உண்டு. ஆண் ஒருவரைத் தலைவராக வைத்துப் பெண்களைக் காவலில் வைத்த இடமன்று அது. தலைவியே உபதேசித்தார், தலைவியே பிக்ஹு கற்பித்தார். அவர்களுள் புகழ் மிக்கவர் பாத்திமா பின்த் அப்பாஸ் என்னும் உம்மு ஸைனப். டமாஸ்கஸ், மிஸ்ர் ஆகிய இரு நாட்டுப் பெண்களும் அவரால் பயன்பெற்றனர். இப்னு தைமிய்யா போன்ற பேரறிஞரும் அவருடைய கல்வியை மெச்சினார். எண்பது வயதைக் கடந்து ஹிஜ்ரி 714இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அவ்விருக்கைக்கு வந்த ஒவ்வொரு பெண்மணியையும் மக்கள் ‘பக்தாதியா’ என்றே அழைத்தனர். ஒருவரின் பட்டப்பெயர் ஒரு பதவியின் பெயராகவே ஆகிவிட்டது!

இல்லம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. ஹிஜ்ரி 806ஐ ஒட்டி எகிப்தைச் சூழ்ந்த பஞ்சத்திலும் குழப்பத்திலும் அதன் நிலை தாழ்ந்தது. இத்தா இருக்கும் பெண்களை அங்கே தங்கவைப்பதும் நின்றுபோயிற்று. தம் காலத்தில் ஹனபி தலைமைக் காஜியின் மேற்பார்வையில் ஏதோ சிறிது நன்மை எஞ்சியிருந்தது என்று மக்ரீஸி எழுதுகிறார். அடிக்கப்பட்ட மனைவியருக்கான முதற் புகலில்லம் 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் தோன்றியதாக மேலை நாட்டார் பலர் எழுதுவதுண்டு. கெய்ரோவின் இல்லம் அதற்கு 686 ஆண்டுகள் முந்தியது. இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. 686 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தும், மாடிப்படியில் அமர்ந்த பெண்ணுக்கு நம்மிடம் முகவரி இல்லை என்பதே அக்கணக்கின் பொருள்.

புகலிடம் என்று பெயர் சூட்டிய எல்லாமே புகலிடம் ஆகிவிடுவதில்லை. உஸ்மானியர் காலத் தூனிஸ் நகரில் ‘தார் ஜவாத்’ என்னும் இல்லங்கள் இருந்தன. கணவனுக்குக் கீழ்ப்படியவில்லை என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களைக் காஜியின் உத்தரவால் அங்கே அனுப்புவர். மனம் மாறி, கணவனுக்கு இணங்கும்வரை அவர்கள் அங்கே இருக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வழக்கம் நீடித்தது. நாற்சுவர், மேற்பார்வையாளர், மார்க்கத்தின் பெயர் என்று வெளித்தோற்றத்தில் அது ரிபாத்தையே ஒத்திருந்தது. வேறுபாடு கதவில் இருந்தது. ரிபாத்தில் வெளியிலிருப்பவன் உள்ளே வராதபடி கதவு காத்தது. தூனிஸில் உள்ளிருப்பவள் வெளியே போகாதபடி காத்தது.

நம் நாட்டிலும் இவ்விரு வகையும் உண்டு. சென்னையில் 1912இல் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைத் தம் இல்லத்தில் வைத்துப் படிக்கவைத்தார். பின்னர் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் அவர்களுக்கு விடுதியாயிற்று. பெரும்பாலும் ஒரு குலத்துப் பெண்களுக்கே அது பயன்பட்டது என்ற குறை சொல்லப்படுவதுண்டு. எனினும் அங்கிருந்து வெளிவந்தோர் ஆசிரியைகளாய் வெளிவந்தனர். 1928இல் சென்னை சேவா சதனம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலுக்கு, அவ்வாழ்க்கையிலிருந்து தப்பிய சிறுமியர் வந்து நின்றனர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930-31இல் இவ்வாறு தொடங்கியதே அவ்வை இல்லம். சட்டமன்ற மேடையில் பேசியவரைத் தேடித்தான் அச்சிறுமியர் வந்தனர் என்பதை மேடையில் பேசும் நாமெல்லாம் எண்ணிப்பார்க்க வேண்டும். மறுபுறம், விபசாரத் தடுப்புச் சட்டங்களின் வழியே வந்த காப்பகங்கள் இருந்தன. நீதிமன்ற உத்தரவால் பெண்களை உள்ளே வைத்துப் பூட்டிய அவை தூனிஸின் வகையைச் சேர்ந்தவை. அடிபட்டு ஓடிவந்த குடும்பப் பெண், “அந்த இடமா?” என்று அஞ்சிப் பின்வாங்குவதற்கு அக்காப்பகங்களின் நிழலும் ஒரு காரணம். 2018இல் பீகாரின் முசாபர்பூரில், சிறுமியர் இல்லமொன்றில் நிகழ்ந்த கொடுமைகள் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தாரின் தணிக்கையால் வெளிவந்தபோது, அந்த அச்சம் ஆதாரமற்றதன்று என்று நாடே கண்டது.

கட்டடமே இன்றிப் புகலிடம் தந்த மரபொன்றும் நம் கடற்கரையில் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களில் மணமான பெண் கணவன் வீட்டுக்குக் குடிபோவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கொடுப்பது தந்தையின் கடமையாகக் கருதப்படுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி முதலிய ஊர்களிலும் இவ்வாறே. இம்முறையால் பெற்றோர் படும் கடன் சுமையை நாம் அறிவோம். அதைப் புகழ்ந்து பாட முற்படவில்லை. ஆனால் அவ்வீடுகளில் நள்ளிரவில் பெண்ணை வெளியே தள்ளிக் கதவடைக்க எவனாலும் ஆகாது. அடுத்த அறையில் தாய் இருப்பாள். எதிர் வீட்டில் சாச்சியோ பெரியம்மாவோ இருப்பாள். ஆலம்கீரி நூல் கேட்ட ‘நல்லோர் நடுவே’ என்பது அங்கு வீட்டமைப்பிலேயே உள்ளது.

மாடிப்படியில் இருந்த அப்பெண் அத்தகைய கடற்கரை ஊரொன்றில் பிறந்தவள் என்பது மறுநாள் தெரியவந்தது. ஊரில் அவள் பெயரில் அரை வீடு இருக்கிறது. கணவனுக்கு வேலை கிடைத்ததால் ஒரகடம் வந்தாள். பின் தானும் வேலைக்குப் போனாள். பத்துக்குப் பத்து அளவில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை. அட்வான்ஸ் கட்டியவன் கணவன். ரசீதில் இருப்பதும் அவன் பெயர். அண்டை அறைகளில் வேற்று மொழிக்காரர். அவர்களும் ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போவோர். அவளைச் சூழ ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். அவளை அறிந்தவர் எவருமில்லை.

இந்நிலை அவள் ஒருத்தியுடையதன்று. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது முதல் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே ஆலைகள் பெருகின. தொழிலாளர் தங்குவதற்கு இடமும் பெருகுகிறது. வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது வேலைக்காகக் கட்டிய படுக்கை. கைப்பிள்ளையோடு இரவில் ஓடிவரும் மனைவிக்கு, அருகில் அத்தனை படுக்கைகள் இருந்தும் அவற்றில் ஒன்றுகூட அவளுக்காக விரிக்கப்பட்டதன்று.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. குறுகிய காலத் தங்குமிடத் திட்டத்தை மத்திய அரசு 1969இலேயே தொடங்கியது. 2001க்குப் பின் ‘ஸ்வாதார்’ திட்டம் வந்தது; பின்னர் இரண்டும் ஒன்றாயின. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் அவ்வில்லங்களில் ஓராண்டு வரை தங்கலாம் என்பது அன்றைய விதியாக இருந்தது. இப்போது அவை ‘சக்தி சதன்’ என்ற பெயரில் உள்ளன. தமிழகத்தில் தாம்பரம், கடலூர், சேலம், தஞ்சாவூர் முதலிய ஊர்களில் அரசு சேவை இல்லங்கள் உண்டு. கைவிடப்பட்ட பெண்கள் அங்கே தங்கிப் படிப்பைத் தொடரலாம். 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இரண்டு உரிமைகளை வழங்குகிறது. பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் புகலில்லம் இடம் தந்தே ஆகவேண்டும் என்பது ஒன்று. வீடு யார் பெயரில் இருந்தாலும், வாடகை வீடேயானாலும், அதில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பது மற்றொன்று. ‘தலாக்’ அத்தியாயத்தில் இத்தா இருக்கும் பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றாதீர்கள் என்ற கட்டளையை ஓதிவரும் நமக்கு இவ்வுரிமை அந்நியமாகத் தோன்றக்கூடாது.

2015 முதல் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நாடெங்கும் வந்துள்ளன; எழுநூற்றுக்கும் மேற்பட்டவை. மருத்துவம், காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். தங்குவதற்கு ஐந்து நாள் வரை இடமும் உண்டு. 181 என்ற எண்ணை அழைத்தால் வழிகாட்டுவர். ஆனால் இவற்றின் கணக்கு பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒன்று என்பதாகும். வரைபடத்தில் பார்த்தால் நிறைவாகத்தான் தெரியும். காட்டு மாவட்டத்துக்கும் ஒன்று, கரை மாவட்டத்துக்கும் ஒன்று, இலட்சக்கணக்கில் வெளியூரார் வந்து குவியும் ஆலை மாவட்டத்துக்கும் ஒன்றுதான்! ஒரகடத்திலிருந்து மாவட்டத் தலைநகரான காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபின், ஒரகடத்தாருக்கு அதைவிட அருகிலுள்ள தாம்பரம் வேற்று மாவட்டம். இரவு பதினொரு மணிக்கு, கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில், கையில் காசின்றி, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவளுக்கு முப்பது கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம்? ஹபீபா (ரலி) அவர்கள் நடந்த தூரம் சில தெருக்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜமாஅத்தின் விசாரணை அமர்வில் நாமும் இருந்தோம். அடிபட்ட பெண்ணொருத்தி தந்தையோடு வந்திருந்தாள். கணவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். சமாதானமே சிறந்தது என்ற இறைவசனத்தை எடுத்து விளக்கியவர் நாம்தான். பெரியோர் தலையசைத்தனர், பாத்திஹா ஓதி அமர்வு கலைந்தது. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டோம். அடுத்த பெருநாளுக்குள் கை முறிந்து அவள் மருத்துவமனையில் கிடப்பதாகக் கேள்வியுற்றோம். நடுவர் இருவரை அனுப்பும் வசனம் நமக்குத் தெரிந்திருந்தது. நடுவர் பேசிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் அவள் எங்கே படுத்துறங்குவாள் என்று நாம் கேட்கவில்லை. யஹ்யா இப்னு யஹ்யா கேட்டிருப்பார்.

ஜமாஅத்துகளிடம் பொருள் இல்லையா? நம்மிடம் யத்தீம்கானாக்கள் உண்டு, மதரஸாக்கள் உண்டு, வாடகைக்கு விட்ட வக்பு கடைகள் உண்டு, பைத்துல்மால் உண்டு. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம், ஆதரவற்ற விவாகரத்தான பெண்ணுக்கு வக்பு வாரியமே பராமரிப்புத் தரவேண்டிய நிலையை வகுத்தது. தமிழ்நாடு வக்பு வாரியம் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், அப்பெண் உறவினர் ஒவ்வொருவர் மீதும் வழக்காடி முடித்த பிறகே வாரியத்திடம் வரவேண்டும் என்பதில்லை, நேரே வரலாம் என்று 1996இல் தீர்ப்பாயிற்று. புதுக்கோட்டையில் தாவூத் ஷரிபா கானம் பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை ஏற்படுத்தியபோது நம் உலமாக்களில் பலர் சினந்தனர். நாமும் அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்பவரல்லோம். ஆயினும் பெண்கள் ஏன் அங்கே சென்று முறையிட்டார்கள் என்ற கேள்விக்கு, நம் விசாரணை அமர்வுகளில் எத்தனை பெண்கள் அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணிப்பார்த்தால் விடை கிடைக்கும். கெய்ரோவில் தலைவியை நியமித்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

ஒரகடத்துப் பெண்ணின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. இமாமின் துணைவியார் இரண்டு இரவுகள் தம்மோடு வைத்திருந்தார். பின்னர் 181 வழியாக ஒரு மையத்தில் ஐந்து நாள் இருந்தாள். மருத்துவச் சான்றும் சட்ட உதவியும் கிடைத்தன. ஆறாம் நாள் தாய் வந்து ஊருக்கு அழைத்துச் சென்றாள். ஊரில் வீடு இருக்கிறது, வேலை இல்லை. ஒரகடத்தில் வேலை இருந்தது, வீடு இல்லை. வழக்கு காஞ்சிபுரம் பகுதியில் நடப்பதால், ஒவ்வொரு தவணைக்கும் இரவு முழுதும் பேருந்தில் வந்து போகிறாள். அவ்வாறு வரும் நாட்களில் இமாமின் வீட்டிலேயே தங்குகிறாள்.

அவ்வூர்த் தொழுமிடத்தின் நிர்வாகிகளுக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம். கூடத்தின் பின்புறம் சரக்கு வைக்கும் அறையொன்று வாடகைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, மதம் பாராது எப்பெண்ணும் ஓரிரவு தங்கும் இடமாக அதை ஆக்கலாமே என்று கேட்டிருந்தோம். காவல் நிலையத்துக்கும் சமூக நல அலுவலகத்துக்கும் தெரிவித்து முறைப்படி செய்யவேண்டும் என்றும், காலையில் மையத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு ஆட்டோவுக்கு பைத்துல்மாலிலிருந்து செலவழிக்கலாம் என்றும் குறித்திருந்தோம். வாடகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அறைச் சாவி நிர்வாகக் கமிட்டியிடம் இருக்கவேண்டும் என்கிறார் செயலாளர். தம் துணைவியாரிடம் இருக்கவேண்டும் என்கிறார் இமாம். நம் கருத்தைக் கேட்டு நேற்று மடல் வந்திருக்கிறது. மக்ரீஸியின் அந்தப் பக்கங்களைத் தமிழில் எழுதி, பதிலோடு சேர்த்து இன்று அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.